பாசஞ்சர் ரயிலுக்கு எந்த லென்ஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் படம் எடுக்கும் நண்பர்கள் நான்கு பேர் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் லென்ஸ் பேச்சுதான். அடுத்த அரை மணி நேரம், வரவேண்டிய ரயில் ஏன் இன்னும் வரவில்லை என்ற பேச்சு. புதிதாகச் சேர்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுப் பாதைகளை, அதிலும் தென்மாவட்டப் பாதைகளை மனத்தில் வைத்து எழுதியவை.

வந்தே பாரத் ஓடும் காலத்தில் பாசஞ்சர் ரயிலை யார் படம் எடுப்பார்கள்?

நான் எடுப்பேன். வந்தே பாரத்தின் கதவு மூடியிருக்கும், ஜன்னல் திறக்காது, உள்ளே இருப்பவர் யாரென்று தெரியாது. வண்டி அழகுதான். ஆனால் பத்து படம் எடுத்த பிறகு பதினோராவது படமும் அதே படமாக இருக்கும். பாசஞ்சர் அப்படி இல்லை. ஒவ்வொரு ஊரிலும் நிற்கும். பால் கேன், பூக்கூடை, பள்ளிக்கூடப் பை, ஜன்னல் கம்பியைப் பிடித்த கை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் படம் மாறும்.

இன்னொரு காரணம் பணம். கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட பாசஞ்சர்கள் திரும்பி வந்தபோது எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு வந்தன. குறைந்தபட்ச டிக்கெட் 30 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரி இறுதியில் அது மறுபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. ஒரு டீயின் விலையில் அடுத்த ஊர் வரை போய்ப் படம் எடுக்க முடிகிற பொழுதுபோக்கு வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் எந்த லென்ஸ் வாங்கலாம்?

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் (மி.மீ. கூடக் கூடத் தொலைவிலுள்ளது நெருங்கித் தெரியும்) உங்களிடம் இருந்தால் ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். அதற்குள், நீங்கள் எடுத்த படங்களில் எவையெல்லாம் உங்களுக்கே பிடித்திருக்கின்றன, அவற்றை எந்த மி.மீ.யில் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கேமரா அதைக் கோப்பிலேயே பதிந்து வைத்திருக்கும். பெரும்பாலும் விடை இரண்டில் ஒன்றாக வரும்: 18க்கு அருகில், அல்லது 55இல் முட்டிக்கொண்டு. 55இல் முட்டுகிறவர் தொலைதூர லென்ஸ் வாங்கலாம். 18க்கு அருகில் நிற்கிறவருக்கு ஏற்கெனவே வைத்திருப்பதே போதும்.

அதற்குமேல் ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்றால் 50 மி.மீ. எஃப் 1.8. (எஃப் எண் என்பது அபர்ச்சரின், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் திறப்பின் அளவு; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்.) கடையில் கிடைப்பவற்றில் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்றும் அதுதான், பாசஞ்சருக்கு மிகவும் ஒத்துப்போவதும் அதுதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். நம்மில் பலரிடம் இருக்கும் சிறிய சென்சார் கேமராவில் சென்சாரின் (படம் பதியும் சில்லின்) அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. 50 மி.மீ. லென்ஸைப் போட்டுக்கொண்டு தண்டவாளத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்றால், படத்தில் விழும் அகலம் 23.5 மீட்டர். எல்.எச்.பி. என்ற புதுவகை ரயில் பெட்டி ஒன்றின் நீளமும் அவ்வளவே. பழைய ஐ.சி.எஃப். பெட்டி 21 மீட்டர் சொச்சம். இரு பக்கமும் கொஞ்சம் காற்று இருக்கும். வயல் வரப்பில் 50 மீட்டர் எண்ணி நடந்து நின்றால் பெட்டி சட்டம் போட்டதுபோல் உட்காரும். வடிவமைத்தவர்கள் பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுகூடத் தோன்றும். முழுச் சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் 75 மி.மீ. அளவுக்குப் போகவேண்டும், அல்லது இன்னும் முன்னால் வரவேண்டும்.

70-300 வாங்கவா, காசு சேர்த்து 70-200 எஃப் 2.8 வாங்கவா?

இந்தக் கேள்விக்காக நட்பே முறிந்த வரலாறு உண்டு. என் கட்சி 70-300. பகல் வெளிச்சத்தில், வளைவில் வரும் ரயிலை எடுக்க எஃப் 8 வைத்துத்தான் எடுக்கப் போகிறோம், எஃப் 2.8க்குக் கொடுத்த பணம் அங்கே வேலை செய்யாது. ஒன்றரைக் கிலோ லென்ஸைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சங்கரன்கோவில் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற ஒருவர், அடுத்த வாரம் அதை விற்க விளம்பரம் போட்டார்.

விடியற்காலை வண்டிகளையும் மழைக்கால மாலையையும் மட்டுமே குறிவைப்பவருக்கு எஃப் 2.8 நியாயம். ஆனால் அந்த நேரத்திற்கும் சொன்னேனே, அந்த 50 மி.மீ. எஃப் 1.8. 70-300இன் நீண்ட முனையில் அபர்ச்சர் எஃப் 5.6தான். அதோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

தொலைதூர லென்ஸில் பெட்டிகள் எல்லாம் நெருக்கியடித்து அடுக்கி வைத்ததுபோல் தெரிகிறதே, எப்படி?

அது லென்ஸின் வித்தை அன்று, நீங்கள் நிற்கும் தொலைவின் வித்தை. அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு முதல் பெட்டிக்கும் பத்தாவது பெட்டிக்கும் அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது. லென்ஸ் அந்தக் காட்சியை வெட்டியெடுத்துப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். வளைவின் வெளிப்பக்கத்தில், கொஞ்சம் உயரமான இடத்தில் நின்றால் முழு வண்டியும் பாம்புபோல் வளைந்து விழும்.

காலை பத்து மணிக்கு மேல் இதை முயலவேண்டாம். ஜல்லியிலிருந்து கிளம்பும் கானல் இன்ஜினின் முகத்தை நெளிய வைத்துவிடும். லென்ஸ் பழுது என்று சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

ஷட்டர் வேகம் எவ்வளவு வைப்பது? 1/500 போதாதா?

வண்டியைப் பொறுத்தது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ், நொடிக்கு 30 மீட்டர் ஓடுகிறது. 1/1000 நொடியில் 3 செ.மீ. நகர்ந்துவிடும். ஒரு பெட்டி முழுப்படத்தையும் நிரப்பியிருக்கிறது, கேமரா 24 மெகாபிக்சல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிக்சலுக்கு 4 மி.மீ.; ஆக 3 செ.மீ. என்பது ஏழெட்டுப் பிக்சல் தேய்மானம். கைபேசித் திரையில் தெரியாது. பெரிதாக அச்சிட்டால் பெட்டி எண் மங்கியிருக்கும். எனவே பக்கவாட்டில் கடக்கும் எக்ஸ்பிரஸுக்கு 1/2000. நம்மை நோக்கிச் சாய்வாக வரும் வண்டிக்கு 1/1000 போதும், ஏனென்றால் படத்தின் குறுக்கே அது அவ்வளவு வேகமாக நகர்வதில்லை.

பாசஞ்சருக்கு இந்தக் கவலை குறைவு. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது 20, 30 கி.மீ. வேகம்தான். 1/500இலேயே தெளிவாக விழும். மலிவான லென்ஸை மன்னிக்கும் வண்டி அது.

பின்னணி ஓடி, வண்டி மட்டும் நிற்பதுபோல் எடுப்பது எப்படி?

அதற்குப் பேனிங் என்று பெயர். ஷட்டரை 1/30க்கு இறக்குங்கள். கால்களை ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, வண்டியின் ஒரே புள்ளியைத் துரத்துங்கள். நான் ஓட்டுநர் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். 60 கி.மீ. வேக மெமு (மின்சார பாசஞ்சர்) அந்த 1/30 நொடியில் அரை மீட்டருக்குமேல் நகர்ந்துவிடும். உங்கள் கை அதே வேகத்தில் திரும்பினால்தான் வண்டி நிற்கும், மரங்கள் ஓடும். பொத்தானை அழுத்திய பிறகும் கையை நிறுத்தாதீர்கள். முதல் நாளில் நாற்பது எடுத்தால் ஒன்று தேறும். மாதக் கடைசியில் பத்துக்கு இரண்டு. அதற்கு மேல் எனக்கு ஒருபோதும் தேறியதில்லை.

சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தேன். ரயில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது!

மின்னணு ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. மேல் வரியைப் படித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் ரயில் நகர்ந்திருக்கும், பெட்டி சாய்சதுரமாகிவிடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். பெட்டியின் எல்.இ.டி. பலகையில் ஊர்ப்பெயர் பாதியாக விழுவது வேறு கதை: அந்த விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன. 1/125க்கு இறக்கினால் பெரும்பாலும் முழுப்பெயரும் வந்துவிடும்.

ரயில் வருவதற்கு முன் வெளிச்சம் சரியாக இருக்கிறது. வந்ததும் படம் கெட்டுப்போகிறது. ஏன்?

கேமரா ஹெட்லைட்டைப் பார்த்து மிரள்கிறது, அல்லது பெட்டியின் நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறது. கருநீலப் பெட்டி வந்தால் இருட்டு என்று நினைத்து வெளுக்க வைக்கும். வெள்ளை முகத்து வந்தே பாரத் வந்தால் வெளிச்சம் என்று நினைத்துக் கருக்க வைக்கும். வண்டி வருவதற்கு முன்பே, அதே வெயில் படும் புல்லைப் பார்த்து அளந்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஃபோகஸையும் அப்படியே: வண்டி எந்த மின்கம்பத்துக்கு நேரே வரும்போது எடுக்கப் போகிறீர்களோ அந்த இடத்து ஜல்லியில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

மின்கம்பம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒற்றைப் பாதையில் கம்பங்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாக நிற்கும். எதிர்ப்பக்கம் நிற்பதற்கு இடம் தேடுங்கள். அங்கே வெயில் எதிராக இருந்தால் மாலையில் திரும்பி வாருங்கள்.

வண்டிக்குள்ளிருந்து எடுப்பதற்கு என்ன வழி?

படியில் நின்று எடுப்பது வழி அன்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டிலும் கூரையிலும் பயணம் செய்தால், எச்சரித்த பிறகும் இறங்காவிட்டால், ரயில்வே சட்டத்தின் 156ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட என்கிறது. சட்டத்தைவிடக் கண்டிப்பானவை பாதையோரக் கம்பங்கள்.

இரண்டாம் வகுப்பு ஜன்னலின் கம்பிகள் படத்தில் விழுகின்றனவா? லென்ஸின் வாயைக் கம்பிகளுக்கு நடுவே ஒட்டி வைத்து, அபர்ச்சரை முழுக்கத் திறந்துவிட்டால் கம்பி கரைந்து காணாமல் போகும். 50 மி.மீ. எஃப் 1.8 இதற்கென்றே பிறந்தது. அவசர வழி ஜன்னலில் கம்பி இருக்காது. அந்த இருக்கை கிடைத்தால் லாட்டரி. ஆனாலும் முழங்கை உள்ளேயே இருக்கட்டும்.

வளைவில் உங்கள் இன்ஜினையே எடுக்க ஆசையா? கடைசி மூன்று பெட்டிகளில் ஏறுங்கள். முன் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு இன்ஜின் தெரியவில்லையே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஏ.சி. பெட்டி வேண்டாம். கண்ணாடி அழுக்கு ஒருபுறம். பிரதிபலிப்பைக் குறைக்கலாம் என்று போலரைசர் மாட்டினால், கடினப்படுத்திய கண்ணாடியில் வானவில் திட்டுகள் தெரியத் தொடங்கும். ஏ.சி.யிலிருந்து விடியற்காலை மண்டபத்தில் இறங்கினால் கடற்காற்று பட்டதும் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைக்காதீர்கள். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பையோடு கதவருகே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

எங்கே போகலாம்?

அவரவர் ஊர் ரயில்வே கேட்டடியிலிருந்து தொடங்கலாம். பிறகு எனக்குப் பிடித்த இடங்கள்.

மதுரை-செங்கோட்டைப் பாதையில் ராஜபாளையத்துக்குத் தெற்கே, பாதைக்குக் கிழக்கே நின்றுகொள்ளுங்கள். காலை வெயில் உங்கள் முதுகில், வண்டி நடுவில், மேற்குத் தொடர்ச்சி மலை பின்னால். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போனால், தூசு கழுவிய காற்றில் மலையின் மடிப்புகளைக்கூட எண்ணலாம்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் இறங்கும் மலைப்பாதை 1904இல் மீட்டர்கேஜாகத் திறக்கப்பட்டது. அகலப்பாதையாகி 2018இல் மறுபடி உயிர் பெற்றது. கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால், பஸ்ஸில் போய் இறங்கி 35 மி.மீ.யிலேயே எடுத்துவிடலாம். மலையேறும் வண்டியின் பின்னாலும் ஓர் இன்ஜின் தள்ளிக்கொண்டு வரும். முன் இன்ஜினை எடுத்த மகிழ்ச்சியில் கேமராவை மூடி வைத்துவிடாதீர்கள்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்கு நடுவே வண்டி போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அங்கே பழமொழி இல்லை, வானிலை அறிக்கை. என் ட்ரைபாட் ஒருமுறை சாய்ந்து, லென்ஸின் வடிகட்டிக் கண்ணாடி நொறுங்கியது. இப்போது பையையே ட்ரைபாடில் எடைக்குத் தொங்கவிடுகிறேன்.

டெல்டாவில் மலை இல்லை, வளைவும் குறைவு. ஆனால் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் தண்டவாளம் வயலைவிட உயரமான கரையில் போகிறது. சம்பா நடவு நேரத்தில் வரப்பில் குந்தி உட்கார்ந்து வைட் லென்ஸில் (அகலமான காட்சி விழும் லென்ஸ்) எடுத்தால், வண்டி முழுவதும் வானத்தில் ஓடும், பாதி வயல் தண்ணீரிலும் ஓடும். திருவாரூர்-காரைக்குடி அகலப்பாதையில் தொடக்கத்தில் ஓடிய டெமுவில் (டீசல் பாசஞ்சர்) கேட் கீப்பர்களே பயணம் செய்து, லெவல் கிராசிங் வரும்போது இறங்கிக் கேட்டை மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு, மறுபடி ஏறிக்கொள்வார்கள். ரயில் படம் எடுப்பவனுக்கு அது சொர்க்கம். பயணிகள் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத இயலாது.

பாம்பன் பற்றிச் சொல்லாவிட்டால் அடிக்க வருவார்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாலத்தில் ஓடுகிறது. பழையது இரண்டு கைகளைப்போல் விரிந்து திறந்தது, புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே 17 மீட்டர் வரை மேலே ஏறும். பார்க்க வியப்பாக இருக்கிறது. படத்திற்குப் பழையதுதான் அழகு என்பது என் பிடிவாதம். சாலைப்பாலம் உயரமானது என்பதால் அங்கிருந்து 70-300 நன்றாக வேலை செய்யும். அறைக்குத் திரும்பியதும் ஈரத்துணியால் கேமராவின் உப்பைத் துடைத்துவிடுங்கள்.

ஊட்டி ரயிலை எடுப்பதில் என்ன தந்திரம்?

இன்ஜின் பின்னால் இருக்கும் என்பதை மறக்காமல் இருப்பதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நீராவி இன்ஜின் கீழிருந்து தள்ளுகிறது. கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். முன்னால் வருவது பெட்டிதான், அதன் முனையில் கொடியோடு நிற்கும் பிரேக்மேன்தான் முதலில் தெரிவார். அவரைத் தவறவிடாதீர்கள், உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2005இல் சேர்ந்த இந்தப் பாதையில் எனக்குப் பிடித்த படம் அவருடையது. ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்கும்போது இறங்கி நெருக்கமாக எடுக்கலாம். குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின் என்பதால் நீராவி வேண்டுவோர் கீழ்ப்பாதியில் உட்கார்ந்துவிடவேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் சேவை ரத்தாகும். கிளம்புவதற்கு முன் விசாரியுங்கள்.

போலீஸ் பிடிக்குமா?

தண்டவாளத்தில் இறங்கினால் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். அத்துமீறலுக்கு 147ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. நடைமேடைக்குள் போக டிக்கெட் அல்லது 10 ரூபாய் நடைமேடைச் சீட்டு இருக்கவேண்டும். சீட்டு இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். முதலில் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிடுவது என் வழக்கம். ரயில்வே பாதுகாப்புப் படையினர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள், வாதாடாதீர்கள். விளம்பரம், படப்பிடிப்பு போன்ற வணிக வேலைக்கு முன் அனுமதி கட்டாயம்.

மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். கேமராவை நீண்ட கோலில் மாட்டி உயர்த்தும் ஆசை யாருக்கும் வேண்டாம். வைட் லென்ஸ் வழியே பார்க்கும்போது வண்டி இன்னும் தொலைவில் இருப்பதாகவே தோன்றும், 110 கி.மீ. வேகத்தில் 300 மீட்டரைக் கடக்கப் பத்து நொடிதான். மின்சார இன்ஜின் டீசல்போலச் சத்தமிட்டு அறிவிக்காது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்.

பயணிகளின் முகத்தை எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். கல்லிடைக்குறிச்சியில் எதிர்வண்டிக்காகப் பாசஞ்சர் நின்றிருந்தபோது ஜன்னலில் ஒரு பாட்டி. மடியில் அப்பளக் கட்டு. அவர் பிடித்திருந்த கம்பியில் மட்டும் பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது. எத்தனை கைகள் பிடித்த இடமோ. கேமராவைக் காட்டி, "எடுக்கட்டுமா ஆச்சி?" என்றேன். "என்னைய எதுக்கு? வண்டிய எடு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தை விட்டுவிட்டு, கையையும் கம்பியையும் எடுத்துக்கொள்ளலாமா என்று மறுபடி கேட்டேன். கையை நீட்டி, வளையலைச் சரிசெய்துகொண்டு, கம்பியைப் பிடித்துக் காட்டினார். 50 மி.மீ., எஃப் 2.8. நான் எடுத்ததில் சிறந்த ரயில் படம் அதுதான் என்பேன். அதில் ரயில் இரண்டு அங்குலம்தான் இருக்கிறது.

லென்ஸில் பூஞ்சை வந்துவிட்டது. அரிசியில் போட்டு வைக்கலாமா?

வேண்டாம், தவிட்டுத்தூள் உள்ளே போகும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு கருவி போதும். 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருங்கள். பரவிய பூஞ்சையை வீட்டில் கழற்றிப் பார்க்கவேண்டாம். தோல் பையில் பூட்டி பீரோவில் வைப்பதுதான் பூஞ்சைக்கு நாம் கட்டிக்கொடுக்கும் வீடு.

கைபேசி போதாதா?

நின்ற வண்டிக்கும் பகலுக்கும் தாராளமாகப் போதும். ஓடும் வண்டியைத் தொலைவிலிருந்து எடுப்பதற்குப் போதாது.

எடுத்த படங்களை எப்படி வைத்துக்கொள்வது?

தேதி, இடம், வண்டி எண், இன்ஜின் எண் நான்கையும் அன்றிரவே எழுதிவிடுங்கள். பத்து வருடம் கழித்து அந்த நிறப் பெட்டி இருக்காது. இந்த நான்கும் இல்லாத மீட்டர்கேஜ் படங்கள் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன; எந்த ஊர் என்று இன்றும் தகராறு.

சிலவற்றை அச்சிட்டுக் கொடுங்கள். எங்கள் ஊர் கேட் கீப்பருக்கு, அவர் கேட்டருகே மாலை வெயிலில் பாசஞ்சர் வளைந்து வரும் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, நம்ம கேட்டு எங்க?"

வெட்டியெடுத்தபோது இடதுபக்கம் போய்விட்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை 18-55ஐ எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.